ஏழு தீவும் ஒரு ஆடும்

படகின் வழிகாட்டும் திரையில் கேப்டனின் மச்சான் டீயைக் கொட்டிய மறுநொடி, அதிலிருந்த ஏழு தீவுகளும் கூண்டோடு அணைந்துபோயின.

கத்தப்போன கேப்டனுக்கு, பின்னால் விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. கத்தலைத் தொண்டையிலேயே மடித்து வைத்துக்கொண்டு, "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று பல்லைக் கடித்தார்.

"பதறாத மாமா. துடைச்சா சரியாயிடும்."

மச்சான் தோளில் கிடந்த துணியால் அழுத்தித் துடைத்தான். பாத்திரம் கழுவிய ஈரத்துணி. திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு மூலையில் புகைவிட்டது.

போன வாரம்வரை இருவருக்கும் துறைமுகத்தில் படகுகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டும் வேலை. உதிர்வதெல்லாம் நேராகக் கண்ணிலும் வாயிலும்தான் விழும். பழைய கேப்டன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால், முதலாளி இந்தச் சொகுசுப் படகை இவர் கையில் கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "வர்றவர் பெரிய அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவர். ஏழு தீவையும் காட்டணும். அவர் வாயிலேர்ந்து ஒரு குறை வந்துச்சோ, ரெண்டு பேரும் மறுபடி அடியில போய்ப் படுத்துக்குங்க."

கேப்டனின் முதுகு அந்தத் தரையை இன்னும் மறக்கவில்லை.

"கண்ணால பார்த்தே ஓட்டிடலாம்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தீவு தெரிந்தது. சாய்ந்த தென்னை, நீலக் கூரை போட்ட இறங்குதுறை, அதில் கட்டிப்போட்ட ஒரு வெள்ளை ஆடு.

"முதல் தீவு!" என்று குரல் கொடுத்தார் கேப்டன். அதிகாரியின் மனைவி இறங்கி ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டார். அதிகாரி மட்டும் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

படகு மறுபடி கிளம்பியது. பவளப்பாறைகளுக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனதில் ஒருவழியாக இன்னொரு தீவு தெரிந்தது.

"ரெண்டாவது தீ..."

சாய்ந்த தென்னை. நீலக் கூரை. ஆடு.

"மாமா, இது அதே..."

"வாயை மூடு."

"இங்கேயும் ஆடா?" என்றார் அந்த அம்மா.

"இந்தப் பக்கம் தீவுக்கு ஒரு ஆடும்மா" என்றான் மச்சான். ஆடு தெரிந்தவர்களைப் பார்த்த உற்சாகத்தில் கத்தியது.

அதிகாரி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். கேப்டன் அவசரமாகப் படகைக் கிளப்பினார். மனுஷன் கண்டுபிடித்துவிட்டான்!

இந்தத் தடவை நேரெதிர்ப் பக்கம் திருப்பினார். சுற்றிலும் வெறும் தண்ணீர். வெகுநேரம் கழித்துத் தூரத்தில் பச்சையாக ஏதோ எழும்பியது. கிட்டப் போனால் அதே தென்னை, இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ஆட்டை நான் பார்த்துக்கறேன்" என்று இன்ஜின் கிரீஸ் டப்பாவோடு பின்பக்கமாகக் குதித்தான் மச்சான்.

படகு மெல்லச் சுற்றி இறங்குதுறைக்கு வந்தபோது அங்கே கன்னங்கரேலென்று ஒரு ஆடு நின்றது.

"அட, இங்க கறுப்பு!" என்று அம்மா கைதட்டினார். பிறகு மச்சானைப் பார்த்தார். "ஏம்ப்பா, நீயும் கறுத்துட்டியே?"

"வெயில்மா."

நாலாவது தீவு என்று அதே கரையில் போய் நின்றதும் கேப்டன் பொறுமையிழந்தார். "அடுத்த தடவை ஆடே கண்ணுல படக் கூடாது. அவுத்து விரட்டிவிடு!"

அவிழ்த்தான். விரட்டினான். ஆடு காட்டுப்பக்கம் ஓடவில்லை. மச்சான் மேல் என்ன பாசமோ, அவனுக்கு முன்னால் படகில் ஏறிச் சமையலறைக்குள் புகுந்துவிட்டது. இழுத்துப் போடுவதற்குள் விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

ஐந்தாவது தீவில் ஆடு இல்லை. ஆட்டுக்காரி இருந்தாள், கையில் கம்போடு.

"அடேய்! காலையிலேர்ந்து இங்கயே சுத்திச் சுத்தி வர்றீங்களே, என் ஆட்டை எங்கடா?"

உள்ளிருந்து ஆடு பதில் சொன்னது.

"சமையலறையில என்னப்பா சத்தம்?" என்றார் அம்மா.

"குக்கர்மா" என்றான் மச்சான்.

குக்கர் கதவை முட்டித் திறந்துகொண்டு வெளியே வந்தது. வாயில் பாதிக் கீரைக்கட்டு. நேராகப் போய் அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையில் உடம்பைத் தேய்த்தது. ஆடு ஒரு பக்கம் வெளுத்தது, கால்சட்டை முழுக்கக் கறுத்தது.

அதிகாரி மெதுவாக எழுந்தார். தூரக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டுக்காரியையும் கேப்டனையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோபம்தான் என்று கேப்டனுக்கு உறுதியாகிவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க! காலையிலேர்ந்து காட்டினது எல்லாம் இந்த ஒரே தீவுதான். மத்த ஆறும் எங்க கிடக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியலைங்க. முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார். திருட்டுமுழி முழித்தபடி மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கேப்டனைத் தூக்கிவிட்டார்.

"எழுந்திரு தம்பி, அவர் எந்த வாயால சொல்லுவார்? வேலைக்குச் சேர்ந்த புதுசுல கடலை அளக்க வந்து, வழி தெரியாம இந்த ஒரே தீவை ஏழு தடவை சுத்திட்டு, இங்க ஏழு தீவு இருக்குன்னு வரைபடம் போட்டுக் குடுத்ததே இவர்தானே!"