பனித் தகடும் சப்பரக் கொட்டகையும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குத் தெரு சுத்தமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மற்ற எல்லாவற்றையும் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள், இதை மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

இராஜாக்கமங்கலம் பக்கம், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆடிக் காற்று அடித்தால் கடற்கரை மணல் எழுந்து வந்து கோயில் தெருவில் படுத்துக்கொள்ளும். திருவிழாவும் அதே சமயத்தில்தான். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மாதா சப்பரம் அந்தத் தெரு வழியாகத்தான் வரவேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் ஊரே சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அதனால் தெருவைச் சுத்தம் செய்வதை வருடத்துக்கு ஓர் அன்பியத்திடம் ஒப்படைப்பார்கள் (முப்பது வீடு சேர்ந்தால் ஓர் அன்பியம்; சேர்ந்து செபிக்கவும் சண்டை போடவும்). அந்த வருடம் எங்கள் முறை. எங்கள் அன்பியத்து ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில். மீதிப்பேர் திருவிழாவுக்குச் சட்டை எடுக்க நாகர்கோவிலில்.

கூட்டத்தில் கமிட்டிச் செயலாளர் அருளப்பன் மாமா எழுந்தார். "பெம்பளையளுக்கு எதுக்கு வீண் யோசனை? ஆளுக்கொரு கூடை எடுத்தா போதும்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கூடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் மாமா. ஒரு மணி நேரத்துல நான் வண்டிய வச்சுத் தள்ளிக் காட்டுதேன்" என்று பங்குச் சாமியார் முன்னிலையிலேயே சொல்லிவிட்டேன். (என் வாய் என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை.)

தைரியம் வந்தது கனடாவிலிருந்து. என் கொழுந்தன் சேவியர் அங்கே தன்னுடைய பழைய பிக்கப்பின் முன்னால் ஓர் இரும்புத் தகட்டை மாட்டி, வாசலில் கிடந்த பனியைத் தள்ளும் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். பழைய பிக்கப் என்னிடமும் இருந்தது. கணவர் மஸ்கட் போகும்போது விட்டுப்போனது, நான் கருவாடு ஏற்றிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பனி வெள்ளை, மணல் பழுப்பு. வேறென்ன வித்தியாசம் என்று நினைத்தேன்.

வெல்டிங் பட்டறை தாசண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மக்கா, பம்பர்ல மாட்டுனா ஒரே தள்ளுல கழண்டுரும். சேஸ்லதான் பிடிக்கணும். ஆனா ஒனக்க சேஸ்ல இரும்ப விடத் துருதான் கூடுதல்."

இரண்டு நாள் தட்டித் தட்டி நல்ல இரும்பு இருக்கும் இடமாகத் தேடி, இரண்டு சேனல் வைத்துப் பற்றவைத்தார். பழைய தண்ணீர்த் தொட்டியின் தகட்டை வளைத்து அதில் தொங்கவிட்டார். வண்டியின் முன்பக்கம் அப்படியே குனிந்து, முகப்பு விளக்குகள் தரையைப் பார்த்தன. கனடாவில் பட்டனை அழுத்தினால் தகடு மேலே எழும்பும். இங்கே அதற்கு ஒரு வள்ளத்துக் கப்பியும், நைலான் கயிறும், வண்டியின் பின்தட்டில் நின்று இழுக்கப் பக்கத்து வீட்டு லில்லி அக்காவும்.

சேவியர் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "மைனி, தகடக் கொஞ்சம் சரிச்சு வையுங்க. அப்பத்தான் ஓரத்துக்குப் போவும்" என்றான்.

"ஒங்க ஊர்ல ஓரத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"இங்க வீடு இருக்கு."

நியாயமாகச் சொல்லுங்கள், நான் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி வீடு. தகட்டைச் சரித்தால் மணல் முழுவதும் ஒவ்வொருவர் வாசல்படியிலும் போய் விழும். அப்புறம் நான் அந்த ஊரில் குடியிருக்க வேண்டாமா? அதனால் நேராகவே மாட்டச் சொன்னேன். தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய், இடப்பக்கம் திரும்பிக் கடற்கரையில் கொட்டிவிடுவது என்பது திட்டம்.

திருவிழாவன்று மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். முதல் பாதி அவ்வளவு அழகு. பின்னால் கருப்பாகத் தார்ச்சாலை தெரியத் தெரிய, லில்லி அக்கா இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார், எலெக்ஷனில் நிற்கிறவர் மாதிரி. மணல் மட்டும் முன்னால் ஏறிக்கொண்டே போனது. தெருக்கோடியை நெருங்கும்போது பானெட் உயரத்துக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் ஒடித்தேன். ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை.

"லில்லிக்கா, தூக்குங்க."

"தூக்கத்தான் செய்யேன், வரமாட்டேங்கு மக்கா."

அழுத்தினால் திரும்பிவிடும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். (இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.) தெருக்கோடியில் நேர் எதிரே இருப்பது சப்பரக் கொட்டகை. இரட்டைக் கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. கோயில் தெருவின் மொத்த மணலையும் அந்தக் கதவின் மேல் சாத்திவிட்டு, வண்டியும் மூக்கைப் புதைத்து நின்றது. ரிவர்ஸ் போட்டால் பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழிதான் தோண்டியது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. காற்றில் பூ பறக்காமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, தோவாளையிலிருந்து வந்த இரண்டு பூக்காரர்களோடு சப்பரம் சோடித்துக்கொண்டிருந்தார் அருளப்பன் மாமா.

"ஆரு அது?"

"நாந்தான் மாமா, ஸ்டெல்லா."

உள்ளேயிருந்து கதவை இரண்டு முறை தள்ளும் சத்தம் கேட்டது.

"கதவத் தொறடி."

"தொறக்க முடியாது மாமா."

"ஏன்?"

"தெரு முழுக்க இங்கதான் இருக்கு."

மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்குச் சப்பரம் வெளியே வராவிட்டால் ஊர் என்னைச் சும்மா விடாது. மாதாவே மன்னித்தாலும் என் மாமியார் மன்னிக்கமாட்டார். அப்போது ஓடி வந்தவர்கள் எங்கள் அன்பியத்துப் பெண்கள் இருபது பேர். என்ன எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கூடை. வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். நானும் அள்ளினேன். அழுதுகொண்டேதான் அள்ளினேன், ஆனால் அது கோபத்தில் வந்த அழுகை, அதையும் யாரும் சொல்வதில்லை.

ஐந்தே காலுக்குக் கதவு ஒரு முழம் திறந்தது. தலையெல்லாம் பிச்சிப்பூவோடு அருளப்பன் மாமா பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கூடை போதும்னு அன்னைக்கே சொன்னேம்லா."

வண்டியைக் கயிறு கட்டி ஓரத்துக்கு இழுத்துவிட்டு, ஆறு மணிக்குச் சப்பரம் கிளம்பியது. அந்தத் தெருவில் எந்த வருடமும் இல்லாத அளவுக்கு வழுக்கிக்கொண்டு போனது, ஓர் இடத்திலும் சக்கரம் சிக்கவில்லை. மைக்கில் மாமா, கூடை தூக்கிய தாய்மார்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை.

கனடாவில் முதல் பனி விழுந்த உடனே சேவியர் இப்போதும் தன் வாசலைப் படமெடுத்து அனுப்புவான்: "மைனி, ஃப்ரீயா இருக்கியளா?" குடும்பக் குழுவில் அன்றைக்கு முழுவதும் சிரிப்புதான். மஸ்கட்டிலிருந்து கூடச் சிரிப்பு வரும்.

கொட்டகையின் கதவை எடுத்துவிட்டு, மேலே சுருட்டும் ஷட்டர் போடுவது என்று கமிட்டி அந்த மாதமே முடிவெடுத்தது. யார் போட்டுத் தருவது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. ஷட்டருக்கு மேலே பெரிய எழுத்தில் இருக்கிறது: 'அன்பளிப்பு: ஸ்டெல்லா குடும்பத்தினர்.' வெளியூர்க்காரர்கள் வாசித்துவிட்டு, எவ்வளவு பக்தியான குடும்பம் என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். தெருவைச் சுத்தம் செய்தது யார் என்று மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை.