ஒன்றுக்கும் உதவாத கஷாயம்

ஹூஸ்டனில் உள்ள அத்தனை நாக்குகளுக்கும் ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் எங்கள் கஷாயம் அங்கிளே வாங்கிக்கொண்டு போய்விடுவார். குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு அது ஹூஸ்டன் தண்ணீரா, நாங்கள் குடியிருந்த புறநகரான கேட்டியின் தண்ணீரா என்று சொல்லுவார். ஒருமுறை என் வீட்டுச் சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "பருப்பு வேகறப்போ போன்ல பேசிட்டு இருந்தீங்களா கண்ணு?" என்று கேட்டார். பேசிக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவிடம், ஒரு மணி நேரம்.

மனிதர் பொள்ளாச்சிக்காரர். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் டீயை உறிஞ்சி, கொப்பளித்து, துப்பி, தரம் சொன்னவர். தம்பி ஸ்பான்சர் பண்ணி அமெரிக்கா வந்தார். அதே சமயம் ஊரில் அவருடைய அம்மா படுக்கையில் விழுந்துவிட்டதால் அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் கண்மூடி, பேப்பர்களெல்லாம் சரியாகி, ஆன்ட்டி கேட்டிக்கு வந்து சேர ஏழு வருஷம் ஆனது. அந்த ஏழு வருஷமும் அங்கிள் வாராவாரம் போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டியே கட்டைவிரல் நகம் தேய்ந்துபோனதாகச் சொல்லுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அவரும் ஹூஸ்டனில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தோம். இரத்தக் குழாய் தடித்து இறுகிப்போனவர்களுக்குச் சீன மூலிகைப் பொடி உதவுமா என்று சோதிக்கும் ஆராய்ச்சி. டான்ஷென் என்ற சிவப்பு வேரும் இன்னும் சில சரக்குகளும் சேர்ந்த பொடி. வெந்நீரில் கலக்கிக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும். வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்தக்கூடாது. பாதிப் பேருக்கு அசல் பொடி, பாதிப் பேருக்குப் போலிப் பொடி. யாருக்கு எது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டுகிற எனக்கும் தெரியாது.

மாத்திரை என்றால் போலி செய்வது சுலபம். கஷாயத்துக்கு எப்படிப் போலி செய்வது? அந்தச் செம்பழுப்பு நிறமும், ஈர மண் வாடையும், தொண்டையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும் கசப்பும் வேண்டுமே! நிலையத்தின் தலைவியான சீன டாக்டரம்மா ஆறு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் எங்கிருந்தோ அங்கிளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

அங்கிள் முதல் நாள் பாகற்காய் வற்றலோடு வந்தார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். பாகற்காய் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்துவிடும், போலி மருந்து நல்லதும் செய்யக்கூடாது, கெட்டதும் செய்யக்கூடாது என்றார். மறுநாள் வெந்தயம். அது கொழுப்பைக் குறைக்குமாம், கூடாது. சுக்கு, மஞ்சள், மிளகு, வேப்பம்பூ என்று வரிசையாக எல்லாம் வந்தன, எல்லாம் திரும்பிப் போயின. அங்கிள் என் மேஜைக்கு வந்து நொந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க கண்ணு, நம்ம அடுப்படில ஒண்ணுக்குமே ஒதவாத சாமான் ஒண்ணுகூடவா இல்லை?"

ஒரு வழியாக, கருக வறுத்த அரிசி, காபிப் பொடியில் கலக்கும் சிக்கரி, டாக்டரம்மா அனுமதித்த துளியளவு கசப்புச் சாறு என்று முடிவாயிற்று. இரண்டு கோப்பைகளை நர்ஸுகளிடமும் தபால் கொண்டுவருகிறவரிடமும் மாணவர்களிடமும் நீட்டினோம். பாதிப் பேர் இதுதான் அசல் என்றார்கள், பாதிப் பேர் அதுதான் அசல் என்றார்கள். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கிள் ஒருவர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டிரண்டாக வைத்த இருபது கோப்பைகளிலும் "இது சீனா, இது நம்ம சரக்கு" என்று பிசகாமல் சொன்னார். உடனே அவரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எண்ணிட்ட பாக்கெட்டுகளை அவர் முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது. எனக்குத் தெரிந்து, மூக்குக்கும் நாக்குக்கும் தடையுத்தரவு வாங்கிய ஒரே தமிழர் அவர்தான்.

டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்த நான் கேட்டியிலிருந்து தினமும் அவர் காரில்தான் போவேன். என் கணவருக்கு எதிர்த் திசையில் வேலை. ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் அங்கிள் வாய் ஓயாது. தேயிலை, யானை, அட்டைப்பூச்சி, அம்மணி. அம்மணி என்பது ஆன்ட்டி. அம்மணி இன்றைக்கு ராகிக் களி கிண்டினாள், அம்மணி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் வாத்து எண்ணினாள் என்று ஐம்பத்தைந்து வயது மனிதர் புது மாப்பிள்ளை மாதிரிப் பேசுவார். நான் வெளியே பார்த்துக்கொண்டு சிரித்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை கார் அமைதியாக ஓடியது. செவ்வாயும் அப்படியே. இருமல்கூட இல்லை. அவர் பேச்சை வேண்டாத நாள் உண்டா என்று கேட்டால் உண்டுதான், தலைவலி நாட்கள் எத்தனையோ. ஆனால் அந்த இரண்டு நாளும் அந்தக் குரலுக்கு நான் ஏங்கிய ஏக்கம் எனக்கே ஆச்சரியம். புதன்கிழமை வாயைத் திறந்தார்.

"கண்ணு, அம்மணி நம்ம ஸ்டடில சேர்ந்திருக்கறா."

"என்ன அங்கிள் சொல்றீங்க? ஸ்டாஃப் ஃபேமிலி சேரக்கூடாதே!"

நடந்தது இதுதான். ஆன்ட்டிக்குக் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல். கேட்டியில் எங்கள் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் கிளினிக்கில் கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில், இரத்தக் குழாய் ஒரு பக்கம் இறுகிச் சுருங்கியிருக்கிறது. நம் ஊர்ப் பாஸ்போர்ட் வழக்கப்படி ஆன்ட்டியின் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர், அங்கிளின் கடைசிப் பெயர் அங்கிளுடைய அப்பா பெயர். இந்த இரண்டு அப்பாக்களும் சம்பந்திகள் என்று அமெரிக்க நர்ஸுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாராவது இந்த ஆராய்ச்சியில் வேலை செய்கிறார்களா என்ற கேள்விக்கு ஆன்ட்டி இல்லை என்று டிக் அடித்துவிட்டார். வேலை என்றால் டாக்டர் வேலை, நர்ஸ் வேலை என்று நினைத்தாராம். வறுக்கிறதும் அரைக்கிறதும் அவர் கணக்கில் சமையல்.

"சரி அங்கிள், டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம். ஆன்ட்டியை எடுத்துடுவாங்க, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் இல்லீங்க." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை அவ குடிச்ச கப்புல அடில கொஞ்சம் இருந்துச்சு. நாக்குல வெச்சேன். நம்ம சரக்கு."

"போலியா?"

"போலிங்க. அவ எதுக்குச் சேர்ந்தாள்னு கேளுங்க. இவரு கையால செஞ்ச மருந்துன்னு சேர்ந்திருக்கறா. நான் வீட்ல பெருமையா, மருந்தே நான்தான் செய்யறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். போலி செய்யற வேலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ ஆசைப்பட்டதென்னமோ கெடச்சிருச்சு கண்ணு. ஆனா அது ஒண்ணுக்கும் ஒதவாதே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அடுத்த மூன்று வாரமும் தினமும் "நாளைக்குச் சொல்லிப்போடறேன்" என்றார். ஆன்ட்டியோ கஷாயத்தைக் குடித்த தெம்பில் ஏரியை இரண்டு சுற்று நடக்க ஆரம்பித்திருந்தார். "அவ நம்பி நடக்கறா கண்ணு, நான் எதைச் சொல்லி நிறுத்தறது? ஏழு வருசம் காத்திருந்தேன், இவளை வழியனுப்பவா?" என்று ஒருநாள் எக்ஸிட்டைத் தவறவிட்டார். இருபது வருஷ நாக்கை அன்று அவர் அறுத்துப் போடத் தயாராக இருந்தார்.

கடைசியில், ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரம்மா போனை எடுத்தார். கேட்டி கிளினிக்குக்குப் போன் செய்து ஆன்ட்டியை ஆராய்ச்சியிலிருந்து நீக்கச் சொன்னார். அன்று மாலையே மேலிடத்து அனுமதி வாங்கி, ஆன்ட்டிக்குத் தந்தது எது என்று எழுதி ஒட்டிவைத்த, அவர் எண் போட்ட உறையைப் பிரித்தார். படித்தார். பிறகு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அசல்.

ஆன்ட்டி குடித்துக்கொண்டிருந்தது அசல் சீன மருந்து. ராஜினாமாக் கடிதத்தை டாக்டரம்மா கிழித்துப் போட்டார். இந்த ஊரில் நம் போலியில் ஏமாறாதவர் நீங்கள் ஒருவர்தான் பாக்கி, இப்போது நீங்களும் ஏமாந்துவிட்டீர்கள், வேலை சுத்தம் என்று அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ரெண்டு கப்பு பக்கத்துல இருந்தாத் தெரியும் கண்ணு. ஒத்தக் கப்பு, அதுவும் அவ கப்பு. பயத்துல எல்லாமே சிக்கரியாத் தெரிஞ்சுதுங்க."

தனியாகப் போனால் வார்த்தை வராது என்று என்னையும் வீட்டுக்குள் கூட்டிப் போனார். ஆன்ட்டி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கிள் நின்றபடியே போலி, அசல், உறை, வெட்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஆன்ட்டி கோபிப்பார் என்று அங்கிள் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"அப்ப இத்தனை நாளா நான் குடிச்சது நீங்க செஞ்சது இல்லீங்களா?"

"இல்லை அம்மணி. அது நெசமான மருந்து. நல்லது."

"எவனோ செஞ்சதை நீங்கன்னு நெனச்சுல்ல குடிச்சேன்." நறுக்கிய வெண்டைக்காயை ஒதுக்கி வைத்தார். "இனி ஸ்டடி இல்லீல்ல? நாளைலிருந்து உங்களதையே கலக்கிக் குடுங்க."

"அது ஒண்ணுமே பண்ணாது அம்மணி!"

"பண்ணாட்டிப் போகுது. நடக்கறதுக்கு நான் இருக்கறன், மாத்திரைக்கு டாக்டரு இருக்கறாரு. நீங்க கலக்குங்க."

ஆராய்ச்சி முடிந்தபோது, மருந்தால் பயன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. அங்கிள் தினமும் காலையில் அரிசி வறுத்துச் சிக்கரி போட்டுக் கலக்கினார். ஆன்ட்டி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். மாத்திரையும் நடையும் கழுத்துக் குழாயை மேலும் சுருங்கவிடாமல் வைத்திருந்தன. இரண்டு வருஷம் கழித்து இரண்டு பேரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கிளம்பும் நாளன்று விடைபெறப் போன எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அப்படி ஒரு கசப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை. அங்கிளும் ஆன்ட்டியும் அக்கம்பக்கம் உட்கார்ந்து நான் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பதானால், அதில் இன்னொரு டம்ளர் குடிக்க இன்றைக்கும் நான் தயார்.