யல்லா மாமா

"பொண்ணோட சிரிப்பை அப்பன்தான்..." என்று பெரியப்பா அடிக்கடி ஏதோ சொல்வார். சம்பாதிக்கணும் என்றாரா, சந்தேகப்படணும் என்றாரா, தேவநாதனுக்கு மறந்துபோயிற்று. பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திண்டிவனம் திரும்பியவர், இப்போது இரண்டையும் செய்துகொண்டிருந்தார்.

மகள் ஷாலினி பதினொன்றாவது படிக்கிறாள். போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அப்பா ஜோக் சொன்னால் மட்டும் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

"ஏம்மா, சிரிப்பு வரலியா?"

"வரும்ப்பா. நெட் ஸ்லோவா இருக்குது."

தேவநாதன் சபதம் எடுத்தார். ஒரே ஒரு தடவையாவது இவளைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை. அவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். 'யல்லா மாமா' என்றொரு பக்கம். கட்டைக் குரலில் பேசும் பொம்மை மாமா. அரபு நாட்டிலிருந்து ஊர் திரும்பியவர், கூட்டேரிப்பட்டு ரோட்டில் காரை மறித்து நிற்கும் ஆடுகளை "யல்லா, யல்லா" என்று விரட்டுகிறார். ஆடுகள் அசையவில்லை. மேய்க்கிற அம்மா சொல்கிறாள்: "அதுங்களுக்குத் தமிழ்தாங்க தெரியும். ஜல்தின்னு சொல்லிப் பாருங்க."

தேவநாதன் தோட்டத்துப் பக்கம் போய் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்படிப்பட்ட அசடுகளை மஸ்கட்டில் எத்தனை பார்த்திருக்கிறார்.

மூன்று நாள் குளியலறையில் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு நடுவே அரங்கேற்றம். "யல்லா" என்று கையை வீசியதுதான் தாமதம், ஷாலினிக்குப் புரையேறியது. மனைவி கிருஷ்ணவேணி ரசக் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தேவநாதன் ஓர் அங்குலம் வளர்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"அப்படியே இருந்துச்சுப்பா," என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அன்னிக்கு நீ பண்ண மாதிரியே."

"நான் எப்ப பண்ணேன்?"

"போன மாசம், மயிலம் போவ சொல்ல," என்றாள் கிருஷ்ணவேணி. "பின்சீட்டுல நாங்க ரெண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கினு வந்தது எங்களுக்குத்தான் தெரியும்."

தேவநாதன் யோசித்தார். "அது ஆடு இல்லையே. மாடு."

"உங்களை யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு நான்தான் ஆடா மாத்துனேன்."

"அப்ப, எழுதறது நீயா?"

"குரலும் நான்தாங்க. படம் பாப்பா போடுறா. நாப்பதாயிரம் பேர் பார்க்கிறாங்க. உங்க மேல எல்லாருக்கும் உசுரு."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். அந்த நாற்பதாயிரம் பேர் குறுக்கே வந்து நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமே குரல் நானே குடுக்கிறேன். அசலே இங்க உக்காந்திருக்க சொல்ல நகல் எதுக்கு?"

ஷாலினி போனை நீட்டினாள். பேசினார். போட்டுக் கேட்டார்கள். இன்னொரு தடவை பேசச் சொன்னார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரசச் சட்டியைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் கிருஷ்ணவேணி, மெதுவாக. "நீங்க பேசினா உங்க மாதிரியே இல்ல."

அடுத்த வாரம் முதல் அவர்கள் பதிவு செய்யும்போது, சத்தம் வராமல் ஃபேனை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்காருவது என்று தேவநாதன் முடிவு செய்தார்.