தலைக்கு மேல் கார்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இப்போதைக்கு நலம். இது உங்கள் கைக்கு வந்து சேரும்போதும் நலமாக இருப்பேனா என்பதை ஹேண்ட்பிரேக்தான் சொல்ல வேண்டும்.

"வீட்டு முன்னால இருக்குற சரிவை வெட்டிச் சமன் பண்ணாதீங்க அத்தான், அதுதான் அழகே. மேலே கேட்டுக்கு உள்ளே கார், கீழே வாசல் வரைக்கும் படிப்படியாப் பூ" என்று தோட்டத்துக்குப் படம் வரைந்து கொடுத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். கார் போகவில்லை. மூக்கை எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நீட்டிக்கொண்டு மேலே நிற்கிறது. நடுவில் எங்களைக் காப்பாற்ற இருப்பது ரோஜாச் செடிகள். மழை தூறினாலே தலையணையோடு சமையலறைக்கு ஓடிவிடுகிறேன்.

சரி, நம் உயிரை நாம்தான் பார்க்க வேண்டும் என்று நான்கு பெரிய கல்லாகத் தேடி முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் கல்லைக் காணோம்! எல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொண்டு ரோஜாப் பாத்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. "இவ்வளவு லட்சணமான கல்லைப் போய் டயருக்கு வைப்பாங்களா? பக்கத்து வீட்டு டீச்சரே நின்னு பாத்துட்டுப் போறாங்க" என்கிறாள் உங்கள் அக்கா. நான் எடுத்து வைக்க, அவள் திருப்பிக் கொண்டுபோக, கல்தான் தினமும் ஏறி இறங்குகிறது. காரைத் தெருவிலேயே விடலாமே என்றேன். "பயமா இருந்தா நீங்க போய்த் தெருவுல படுங்க" என்றாள். ஓட்டத் தெரிந்தவள் அவள். எனக்கோ கதவைத் தொடவே தைரியமில்லை. தொட்டு, அது கிளம்பிவிட்டால்? விளையாட்டில்லை மாப்பிள்ளை, நிஜமாகவே பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து அதைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போங்கள். உங்கள் பேச்சைத்தான் அவள் கேட்பாள்.

தங்கைக்கு அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. எல்லாரும் நீண்ட காலம் சமதரையில் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
காருக்குக் கீழே படுத்திருக்கும் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பி, கேட் அருகே ஈரப்புல்லில் வழுக்கி, உருண்டுபோய்க் காரின் பின்சக்கரத்தில் மோதி நின்றேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. கார் நூலளவுகூட அசையவில்லை. அது அங்கே இல்லையென்றால் ரோஜா, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் நானே உடைத்திருப்பேன். ஆகவே தயவுசெய்து காரை யாரும் தொட வேண்டாம். உங்கள் அக்கா நான்கு கல்லையும் பாத்தியிலிருந்து தானே பிடுங்கி வந்து நான் நடக்கும் வழி ஓரமாக அடுக்கிவிட்டாள். கேட்டால், "எது உருளும்னு இப்பத்தானே தெரிஞ்சுது" என்கிறாள்.