அஷ்டமி, நவமி, மெமரி

பாகம் பாகமாக வாங்கி, கம்ப்யூட்டரை என் கையாலேயே பூட்டுவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையில் ஸ்டோர் கீப்பர் நான். பழைய சாமானை மாதிரிக்குக் கொண்டு வராதவர்களை, மேனேஜரே ஆனாலும், திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தப் பெருமையை வீட்டிலும் தினம் ஒரு தடவை சொல்லிவிடுவேன்.

"கடையிலயே பூட்டித் தருவாங்களே?" என்றாள் என் மனைவி பானுப்ரியா. வீட்டில் பிளவுஸ் தைப்பவள்.

"நான் இருக்கையில கடைக்காரன் எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள ஓட வச்சுக் காட்டுறேன்."

"ஓடலைன்னா?"

"அப்புறம் அது உனக்கு. கடையில பூட்டி வாங்கி, உன் தையல் மிஷின் பக்கத்துல வச்சுக்கிட்டு டிசைன் போடு. ஓடுச்சுன்னா ஹால்ல இருக்கும். நான் செஸ் ஆடுவேன். நீ தொடக் கூடாது."

"சரிங்க."

அத்தனை சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மதர்போர்டு முதலான சாமான்கள் ஆன்லைனில் வந்தன. மெமரி மட்டும் வாங்க ஆபீஸ் முடிந்து பெரம்பலூர் போனேன். வெறுங்கையோடு போனேன்.

"டிடிஆர் நாலா, அஞ்சா? உங்க போர்டு எதை ஏத்துக்கும் சார்?" என்றார் கடைக்காரர் வெள்ளைச்சாமி.

ஒரு ஸ்டோர் கீப்பர் 'தெரியாது' என்று சொல்வதா? "அஞ்சே குடுங்க" என்றேன். நாலைவிட அஞ்சு பெரிசுதானே!

புதன்கிழமை காலை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மெமரியை அமுக்கினேன். ஏறவில்லை. திருப்பி வைத்து அமுக்கினேன். போர்டுதான் வளைந்தது. மெமரியின் அடியில் ஒரு வெட்டு. போர்டில் அது உட்கார ஒரு மேடு. இரண்டும் ஜென்மத்துக்கும் சேராது என்று தெரிந்துவிட்டது.

"என்னங்க, ஏறலையா?"

"ஏறும். இன்னைக்கு அஷ்டமி. அதான் நிறுத்திட்டேன்."

மறுநாள் அவளே காலண்டரைப் பார்த்தாள். "இன்னைக்கு நவமிங்க."

"பாத்தியா! புதுசா எதையும் தொடங்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை, ஆலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். தோற்பதா, நானா? மெமரியை மாற்றிக்கொண்டு வந்து சாயங்காலத்துக்குள் ஓடவைத்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளைச்சாமி மெமரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தனம் வச்ச சாமானை நாங்க திரும்ப எடுக்க மாட்டோம் சார்."

"சரி, புதுசா நாலே குடுங்க."

"இருந்த நாலை நேத்துதான் ஒரு அக்கா வாங்கிட்டுப் போனாங்க. அரியலூர்தான். போர்டு வந்த டப்பாவோட அட்டையைக் கத்திரிச்சுக் கையோட கொண்டாந்து காட்டினாங்க. விவரமானவங்க சார்!"

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க மயில்.

"யாரு பூட்டினா?"

"நான்தாங்க. காலையில நீங்க கெளம்பினதும் வெட்டையும் மேட்டையும் நேரா வச்சு அமுக்கினேன், டக்குனு உக்காந்துச்சு. மத்ததைக் கடைக்காரரு போன்லயே சொல்லிக் குடுத்தாரு."

"அட்டையைக் கொண்டு போகணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். மாதிரி இல்லாம ஸ்டோருக்கு வரக் கூடாதுன்னு தினம் சொல்றீங்களே."

"நேத்து நவமிடி! அன்னைக்குப் போய் வாங்கலாமா?" கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"நான் எதையும் தொடங்கலையேங்க. நீங்க தொடங்குனதை முடிச்சேன், அவ்வளவுதான்."

வெட்கத்தை விட்டு, ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். மயில் மறைந்து, திரை பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

பானுப்ரியா நிதானமாகக் காலண்டரைப் பார்த்தாள்.

"இப்ப எமகண்டம் போயிட்டிருக்குங்க. நல்ல நேரம் வரட்டும், சொல்றேன்."

மூன்று மாதம் ஆகிறது. எங்கள் வீட்டுக் காலண்டரில் இன்னும் நல்ல நேரம் வரவில்லை.