வாந்திக்கு வந்த பஸ்

ஒரு படம் நல்ல படமா என்று பார்த்தவர்களிடம் கேட்கக் கூடாது, பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கவனிக்க வேண்டும். இதுதான் மாற்று நகைச்சுவைப் பட மேம்பாட்டு வாரியத்தின் கொள்கை. அப்படி ஒரு வாரியம் இருப்பதே, அது ஜீப்பில் ஏறி மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டுக்கு வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. இத்தனைக்கும் நான் இந்த வார்டு மெம்பர்.

வந்தவர்களில் ஒருவர் முரளி, வாரியத்தின் எதிர்வினை மதிப்பீட்டு அலுவலர். இன்னொருவர் இயக்குநர் சந்தோஷ்குமார். கோணிச் சாக்கில் தைத்த சட்டை போட்டிருந்தார். சாக்கு மரவள்ளிக் கிழங்கு மூட்டைக்குத்தான் என்று நினைத்திருந்த எங்கள் ஊர்ப் பெருமாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எடுத்த படம் 'மூக்குக்குள் ஒரு மாநாடு'. அதில் கதை கிடையாது, துண்டு துண்டாகக் காட்சிகள்தான். ஒவ்வொன்றிலும் யாராவது சாப்பிடக் கூடாததைச் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் சாப்பிட்டதை வெளியே எடுப்பார்கள். இதற்கு நகைச்சுவை என்று பெயர்.

"அப்ப நாங்க சிரிக்கோணுங்களா?" என்று கேட்டேன்.

"சிரிப்பெல்லாம் பழைய எதிர்வினை, மெம்பர்," என்றார் முரளி. "முகம் சுளிச்சா சுமார். பாதியில எழுந்து போனா நல்லது. மயக்கம் போட்டா சிறப்பு. வாந்தி எடுத்தா உலகத் தரம்."

"அதுக்கு எங்க ஊரு எதுக்குங்க?"

"சிட்டில எல்லாரும் எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. எதையுமே பார்க்காத மக்கள் வேணும்."

மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸுக்காக என்னை நம்பியிருந்த அம்சவேணி பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்சவேணியின் மகள் ராதிகா நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறாள். எங்கள் ஊர் வரைக்கும் வந்துகொண்டிருந்த சாயங்கால பஸ் 'தற்காலிகமாக' நின்றதிலிருந்து, அந்தப் பெண் செம்மேட்டிலேயே இறங்கி இருட்டில் காட்டுவழியே நடந்து வருகிறாள். கரடி நடமாடும் வழி. பொங்கலுக்குள் பஸ் வராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதென்று அம்சவேணி முடிவு செய்திருந்தாள். நானும் போகாத ஆபீஸ் இல்லை, கும்பிடாத ஆபீசர் இல்லை.

"ஏனுங்க சார், நாங்க அதிர்ச்சி ஆனா பஸ் உடுவீங்களா?" என்று அம்சவேணி கேட்டாள்.

முரளி யோசித்தார். "எதிர்வினை நல்லா வந்தா இந்த ஊரை நிரந்தரப் பார்வையாளர் மையமா அறிவிப்போம். மையம்னா ஆள் வந்து போகணும். வாரியமே பஸ் விடும்."

அன்றைக்கே சமுதாயக்கூடத்தில் திரை கட்டினார்கள். அதிர்ச்சியடைவது என்ற தீர்மானத்தோடு ஊரே வந்து உட்கார்ந்தது. முதல் காட்சியில், கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் வயிற்றைத் திறந்து குடலை உருவி இலையில் வைத்தார்கள். இயக்குநர் திரையைப் பார்க்காமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவாமயே வெச்சுட்டாங்களே," என்றாள் பெருமாயி. "மஞ்சத்தண்ணி ஊத்தி அலசோணும் சாமி."

அடுத்து ஒருவன் சாணிக்குழியில் தலைகீழாக விழுந்தான். நாலைந்து பேர் எழுந்தார்கள். இயக்குநரின் முகம் மலர்ந்தது. எழுந்தவர்கள், "யாராச்சும் அந்த ஆளைத் தூக்கி உடுங்கப்பா," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

கடைசிவரை ஒருவரும் வெளியே போகவில்லை. கூத்து நடக்கும்போது பாதியில் எழுந்து போனால் ஆடுகிறவனுக்கு அவமானம். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்காரிகூட முடிகிறவரை இருப்பாள். படம் முடிந்ததும் வழக்கப்படி இயக்குநருக்குத் துண்டு போர்த்திக் கைதட்டினோம். அவர் அந்தத் துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"மரியாதை பண்ணிட்டாங்க சார். என் கலை செத்துப்போச்சு."

மறுநாள் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அம்சவேணி வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். வாரியத்தின் சின்னம் திரையில் தெரிந்ததும் மொத்த ஊரும் எழுந்து வெளியேறிவிட்டது.

"இன்னும் படமே ஆரம்பிக்கலையேம்மா," என்றார் முரளி.

"அந்த பொம்மையப் பாத்தே அதிர்ச்சி ஆயிட்டமுங்க," என்றாள் அம்சவேணி.

வாரியத்தின் சின்னத்தால் ஏற்பட்ட அதிர்ச்சி வாரியத்தின் கணக்கில் வராதாம். மலை மக்கள் 'எதிர்வினைக்குத் தகுதியற்றவர்கள்' என்று முடிவாயிற்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மலைக்குக் கீழே சேந்தமங்கலத்திலிருந்து கீழ்நாட்டுப் பார்வையாளர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவரச் செய்தார்கள். ஏறுகிற வழியில் முன்னோட்டம் காட்டுவதற்கு பஸ்ஸில் டிவியும் பொருத்தினார்கள்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாதவர்கள் பாதி மலைக்குள் காலைக் காபியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு பஸ் எங்கள் ஊரில் வந்து நின்றபோது ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே தொங்கியது. முரளி ஓடிப்போய்ப் பார்த்தார். இயக்குநர் தரையில் மண்டியிட்டு அந்த பஸ்ஸைக் கும்பிட்டார்.

டிரைவர் சுரேந்தர் கீழே இறங்கி வாய் கொப்பளித்தார். "சார், இது கொண்டை ஊசிப் பெண்டுனால வர்றது. சாமி படம் போட்டாலும் எடுப்பாங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"ஒரு நாளைக்குப் படம் போடாம ஓட்டிப் பாப்பமுங்க."

"படம் போடாம ஓட்டினா அது எங்க வாரியத்துக்குக் கீழ வராதுப்பா," என்றார் முரளி. சுரேந்தர் வாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைக் கழுவப் போனார்.

முன்னோட்டத்துக்கே வாந்தி என்ற செய்தி பட்டணம் போயிற்று. விமர்சகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பஸ்ஸில் ஏறி, எடுத்து, இறங்கி, 'அடிவயிற்றைத் தொட்ட படைப்பு' என்று எழுதினார்கள். எடுக்காத ஒருவரை ரசனை கெட்டவர் என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அடிவாரத்தில் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் விற்றவர்களை, பார்வையாளரின் சுதந்திரமான எதிர்வினையைத் தடுப்பதாகச் சொல்லி விரட்டினார்கள். சாக்குச் சட்டை மோஸ்தராகிவிட்டதால் கிழங்கு மூட்டை கட்ட எங்களுக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

ஆனால் பஸ் வந்துவிட்டது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, மையமாக அறிவித்த எங்கள் ஊர் வரைக்கும், படம் ஓடுகிற அதே பஸ். பொங்கலுக்கு முன்னால் ராதிகா வெளிச்சத்திலேயே வீடு வந்து சேர்ந்தாள். அம்சவேணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரமே ராதிகாவை பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னார் முரளி. பிறந்ததிலிருந்து இதே வளைவுகளில் போய் வருகிற பெண், படம் ஓடும்போது நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். சீட்டு பார்வையாளருக்குத்தானாம், எதிர்வினை இல்லாதவர் பார்வையாளர் இல்லையாம்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் ஆட்கள் ஏறியதும் வாயில் துண்டை வைத்துக் குமட்டிக்கொண்டே போவதென்று ஏற்பாடாயிற்று. பெருமாயி அதில் கெட்டிக்காரி. அவளுக்குச் சிறந்த பார்வையாளர் என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் டிவி ரிப்பேராகிவிட்டது. மலை முழுக்க வெறும் கறுப்புத் திரை. விமர்சகர்கள் அதைப் பார்த்துக்கொண்டே வழக்கம்போல எடுத்தார்கள், நாங்களும் வழக்கம்போலக் குமட்டினோம். மேலே வந்து இறங்கியதும் ஒரு விமர்சகர் வாயைத் துடைத்துக்கொண்டு, "முதல் பாகத்தைவிட இது ஆழம்," என்றார்.

"சார், ஒயர் புடுங்கிக்கிச்சு," என்றார் சுரேந்தர்.

இயக்குநர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "ஆமா, ரெண்டாம் பாகம்," என்றார். அதற்கு விருதே கிடைத்தது.

விருது விழாவை எங்கள் சமுதாயக்கூடத்திலேயே வைத்தார்கள். மைக்கைப் பிடித்து இயக்குநர் பேசினார். "முதல் பாகத்துல கதையை எடுத்துட்டேன். ரெண்டாம் பாகத்துல படத்தையே எடுத்துட்டேன். மூணாம் பாகத்துல பஸ்ஸையும் எடுத்துடப்போறேன். பார்வையாளர் ரோட்டுல காத்துக்கிட்டு நிப்பாங்க. ஒண்ணுமே வராது. இதைவிடப் பெரிய அதிர்ச்சி உலகத்துல கிடையாது."

கூடம் முழுக்கக் கைதட்டல். பேசி முடித்தால் தட்டிப் பழகிய கை, முதலில் தட்டியவன் நான்தான். அம்சவேணியும் தட்டினாள். பாதியில் அவள் கை நின்றது. அதற்குள் முரளி, "ஏகமனதான வரவேற்பு," என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

"மெம்பர் மாமா, நீங்க எதுக்குத் தட்டுனீங்க?" என்று ராதிகா கேட்டாள். நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் செம்மேட்டில் மூன்றாம் பாகம் வெளியானது. விமர்சகர்கள் ஜீப்பில் வந்து பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு பஸ்ஸில் அங்கே வந்து இறங்கிய ராதிகா, ஒருவேளை வந்துவிடுமோ என்று ரோட்டோரத்தில் ரொம்ப நேரம் நின்றாள். பஸ் வரவில்லை. இருட்டிய பிறகு பையை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, காட்டுவழியில் இறங்கி நடந்தாள்.

"அருமை. பொண்ணு பயப்படறது மட்டும் கொஞ்சம் மிகை," என்றார் என் பக்கத்துச் சேரில் இருந்தவர்.

மெம்பர் என்ற முறையில் எனக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி, நான் பாதியில் எழுந்து போகவில்லை.