சித்தப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை

தெரசா கையில் பெட்டியோடு ஆவடி குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பியது 1994ஆம் வருடம், காணும் பொங்கலன்று, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். அப்பாவிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினாள். அப்பா தடுக்கவில்லை. வாழ்த்தவும் இல்லை. தூண்டில் நூலின் கெடுதல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து அவர் அப்போது பாதி வழியில் இருந்தார்.

இப்படிப்பட்டவர்கள் ஒரு தனி இனம். சாதக பாதகர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த இனம் இல்லாத தேசம் இல்லை. ஆனாலும் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை இவர்கள் அடர்த்தியாக வசிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், ‘ம்...’ என்று இழுத்து, எடுத்த இடத்திலேயே வைப்பதற்கு இங்கே தொழிற்சாலைகள் மாதாமாதம் சம்பளம் கொடுக்கின்றன. அதற்குத் தர ஆய்வு என்று பெயர். ஆய்வாளர் மாலையில் வீட்டுக்கு வருகிறார். ஆய்வு மட்டும் அங்கேயே நின்றுவிடுமா என்ன?

சாதக பாதகரை அடையாளம் காண்பது சுலபம். காபியா டீயா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டின் குணங்களையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். பூந்தமல்லி நிறுத்தத்தில் பஸ் வந்தால், ஏறினாலும் நிற்க வேண்டும், ஏறாவிட்டாலும் நிற்க வேண்டும் என்று எடைபோட்டுக் கொண்டிருப்பார். பஸ்ஸுக்கு அந்த மாதிரிக் குழப்பம் எதுவும் கிடையாது. போய்விடும். கறுப்பு வெள்ளை டிவியா, கலர் டிவியா என்று ஐந்து வருடம் யோசித்து, இரண்டையும் பக்கத்து வீட்டில் பார்த்து முடித்திருப்பார். கெட்டவரா? சேச்சே. தங்கமான மனிதர். அதுதான் தொந்தரவே. கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

தெரசாவின் அப்பா, என் சித்தப்பா ஜோசப்ராஜ், இந்த இனத்தின் உச்சம். படைத் தளவாடத் தொழிற்சாலையில் ஆய்வாளர். அதற்கு முந்தைய வருடம் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது அவருக்காக ஒரு தூண்டில் நூல் உருண்டை வாங்கி வந்தேன். பச்சை நிறம், தலைப்பின்னல் மாதிரி நெருக்கமாகப் பின்னியது. நம் ஏரிகளில் எல்லோரும் கட்டுவது நைலான் நரம்பு. பின்னல் நூலை யாரும் பார்த்ததில்லை. சித்தப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பொங்கல் வரை அது அங்கேயேதான் இருந்தது. தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிறன்று பருத்திப்பட்டு ஏரிக்கரையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் மண்ணூர்பேட்டையில் அடுத்த தெருவில் இருக்கும் சத்தியராஜும் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஓசூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது, மார்ச்சில் போய்ச் சேர வேண்டும். அவனுக்கும் என் தங்கை தெரசாவுக்கும் இடையே இருந்தது ஏரி மீன்களுக்கே தெரியும். பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாக வேண்டும். பெண் வீட்டார் சம்மதத்தோடு அன்று மாலை வரச்சொல்லியிருந்தார் சத்தியராஜின் கோயில் போதகர். ஆகவே சத்தியராஜ் கேட்க வந்திருந்தது ஒரே ஒரு வார்த்தை.

“அங்கிள், ஒரு விஷயம்...”

“வா வா. இந்த நூல இப்பிடிப் பிடி. இழு. நீளுதா?”

“நீளல அங்கிள்.”

“அதான் சாதகம். அம்மாந்தூரத்துல மீன் மோந்து பாத்தாக்கூட இங்க விரலுக்குத் தெரிஞ்சிடும். நரம்பு ரப்பர் மாதிரி இழுத்துக்கினே கெடக்கும். ஆனா...”

கவனியுங்கள், அந்த ‘ஆனா’தான் இவர்களின் தேசிய கீதம். அது வரும்போது முதுகு தானாக நிமிரும்.

“ஆனா, நீளாததுதான் பாதகமே. பெரிய விரால் ஒரு ஒதறு ஒதறினா வாய் கிழிஞ்சி தூண்டில் மட்டும் திரும்பி வரும்.”

பக்கத்தில் நைலான் நரம்பில் ஜிலேபி மீனாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கஜபதி திரும்பிப் பார்த்தார். சித்தப்பாவோடு வேலை செய்கிறவர்.

“அண்ணாத்தே, மொதல்ல அத தண்ணில போடு. வாயி கிழியிறத மீனு பாத்துக்கும்.”

“நீ சும்மா இரு கஜா. ஆகாயத்தாமரைல மாட்டினா இது தண்ட அறுத்துக்கினு வரும், சாதகம். கைல சுத்திக்கினு இழுத்தா விரலயும் அறுத்துடும், பாதகம். மெல்லிசு, ஆனா பலம். பலம், ஆனா நரம்பு தண்ணில தெரியாது, இது பளிச்சினு தெரியும். மீனு இன்னா குருடா?”

“அங்கிள், தெரசாவ...”

“முடிச்சுக்கு வரேன். சாதா முடிச்சு போட்டா வழுக்கிக்கினு அவுந்துடும். சிக்கு வுழுந்துச்சுன்னா பிரிக்கவே முடியாது, வெட்டிக் கடாச வேண்டியதுதான்...”

சத்தியராஜ் பொறுத்துப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான்.

“அங்கிள், நான் தெரசாவக் கட்டிக்கலாமா?”

கஜபதி இழுத்துக்கொண்டிருந்த மீனை அப்படியே நிறுத்தினார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. சம்மதத்தால் அல்ல. புதிதாக ஒன்று ஆய்வுக்கு வந்திருக்கிறது!

“நல்ல கேள்வி. வேல கீது, சாதகம். வேல ஓசூர்ல கீது, பாதகம். நாங்க ஆர்.சி., நீங்க சி.எஸ்.ஐ. அதுல ரெண்டுமே கீது, அத தனியா எடுத்துக்கணும். செத்த இரு, மொதல்ல நூல முடிச்சிடறேன்.”

சித்தி லூர்தம்மாள் சாப்பாட்டு அடுக்கை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

“போதகரு எத்தினி மணிக்கு வரச்சொன்னாரு?”

“அஞ்சு மணிக்கு, ஆன்ட்டி.”

“நான் வரேன். பொண்ணூட்டுக்காரங்கன்னா நானுந்தான? நானும் தெரசாகூட மண்ணூர்பேட்டைல எங்கக்கா ஊட்டுல இருந்துக்கறேன்.”

“சரிங்க... அத்தே.”

தெரசா பக்கத்திலிருந்த குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய்ப் பெட்டியோடு வந்தாள். காலையிலேயே கட்டி வைத்திருந்தாளாம். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அப்பா அல்லவா?

“அப்பா, நாங்க பெரியம்மா ஊட்டுக்குப் போறோம். கல்யாணம் அங்கேருந்துதான்.”

“அதுவும் ஒரு வழிதாம்மா. ஆனா...”

அவர்கள் ஏறிய ஆட்டோ கிளம்பிவிட்டது. அவர் அதைப் பார்த்துக் கையசைத்தார்.

கல்யாணத்துக்குச் சித்தப்பா வந்தார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். “நான் இன்னும் முடிவு சொல்லல” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ‘இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா’ என்று போதகர் கேட்டபோது அவர் எழுந்து நின்றார். மணப்பெண் திரும்பிப் பார்த்தாள்.

“தடைன்னு எதுவும் இல்லீங்க ஐயா. ஆனா...”

சித்தி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தெரசா சிரிக்கவில்லை. அவள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட நின்று சண்டை போட்டிருப்பாள். யோசித்துக்கொண்டிருக்கிற அப்பாவோடு எப்படிச் சண்டை போடுவது? ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இப்பவாவது சொல்லுப்பா” என்றாள்.

“யோசிச்சிக்கினுதாம்மா கீறேன்” என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி.

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. ஆனால் இவ்வளவு நேரம் சத்தியராஜ் பொருத்தமான பையன்தானா என்று மனதுக்குள் இரு பக்கமும் பார்த்தவர்கள், ‘ஜோசப்ராஜ் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால்...’ என்று தொடங்கியவர்கள், கையைத் தூக்குங்கள். தூக்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் சிரமப்பட வேண்டாம். உங்களை ஏற்கெனவே சேர்த்தாயிற்று.

1996 மழைக்காலத்தில் ஓசூருக்கு ஒரு தந்தி போனது. தெரசாவின் பெண் குழந்தை அப்போது நடக்க ஆரம்பித்திருந்தது. அதன் ஞானஸ்நானத்துக்கு வந்து கொஞ்சிவிட்டுப் போனவர்தான் சித்தப்பா. தந்தி என்றதும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பிரித்தவள், படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் ஓடி வரும் அளவுக்கு அழுதாளாம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘தீர யோசித்தேன். சத்தியராஜ் தங்கமான பையன். சம்மதம். இனியும் நாளைக் கடத்த வேண்டாம். அப்பா.’